புயலைத் தாண்டிய வாத்து

“மேடம், வாத்து நகருது!”

படியேறி வந்த மூச்சோடு ஒரு பெண் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் ஆபீஸ் ஐயங்கார் பேக்கரியின் மாடியில் இருக்கிறது. கீழே அடுப்பு எரிகிற நேரத்தில் வருகிறவர்களுக்குச் சூடு தலைக்கேறிவிடுவது உண்டு. இதுவும் அந்தக் கேஸ்தான் என்று நினைத்தேன்.

“வாத்துன்னா நகரும்மா. நகராம நின்னாதான் எங்ககிட்ட வரணும்,” என்றேன்.

பாகீரதி மேடம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். போலீஸ் வயர்லெஸ் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து இந்தத் துப்பறியும் நிலையத்தை நடத்துகிறவர் அவர். இரைச்சலுக்கு நடுவே ஒற்றைக் குரலைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது. நான் ஹொன்னப்பா. அவருடைய உதவியாள், டிரைவர், காபி வாங்கி வருகிறவன், மிச்ச நேரத்தில் திட்டு வாங்குகிறவன். நான் பார்க்காததை அவர் அதற்குள் பார்த்துவிட்டார். வந்தவளின் ஒரு காலில் ஒரு செருப்பு, மறு காலில் வேறு செருப்பு.

“உட்காரும்மா. எந்த வாத்து?”

“என் பொண்ணு பார்க்கிற படத்துல வர்ற வாத்து. நேத்து சாயங்காலத்திலிருந்து என் பொண்ணைக் காணோம் மேடம்.”

அவளுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

அவள் பெயர் சுஜயா. மகள் சிஞ்சனாவுக்கு ஆறு வயது. கணவன் கீர்த்திராஜைப் பிரிந்து தனியாக இருக்கிறாள், பிள்ளை யாருக்கு என்ற வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. அதுவரை வெள்ளிக்கிழமைகளில் பள்ளி வேன் சிஞ்சனாவை அப்பாவின் தெருமுனையில் இறக்கிவிடும். நேற்று யாரோ அவசர ரிப்பேர் என்று போன் செய்து, எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கீர்த்திராஜை எங்கோ அலைய வைத்திருக்கிறார்கள். அவன் தெருமுனைக்கு ஓடி வந்தபோது வேனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இது அவன் சொன்னது. போலீஸ் நம்பவில்லை. கோர்ட்டில் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் அவனே பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறான் என்று ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று மேடம் கேட்டார்.

“அவர் என்கிட்ட ஆயிரம் தப்பு பண்ணியிருக்கார். அவகிட்ட ஒண்ணுகூடப் பண்ணதில்ல.” சுஜயா கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அவளுக்குச் சர்க்கரை மேடம். வேளாவேளைக்கு இன்சுலின் ஊசி போட்டாகணும். நேத்து ராத்திரி போடல, இன்னிக்குக் காலைல போடல. ஊசிப்பை என் பிரிட்ஜ்ல ஒண்ணு, அவர் பிரிட்ஜ்ல ஒண்ணு. ரெண்டும் வச்ச இடத்துலயே இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் தாண்டினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“இன்ஸ்பெக்டர்கிட்ட தனியா சொன்னேன். ‘அப்பன்தானே எடுத்திருக்கான், ஊசி போடாமலா விடுவான்’னு சொல்றார்.”

“தனியா ஏன்?”

“அண்ணன் பக்கத்துலயே இருந்தார். அவருக்குத் தெரியாது. எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பொண்ணுக்குச் சர்க்கரைன்னு வெளிய போனா நாளைக்கு யாரு கட்டிக்குவாங்க? அண்ணி காதுல விழுந்தா அவங்க ஊர் மண்டியா வரைக்கும் பரவிடும். நீங்களும் அண்ணன் முன்னாடி வாயைத் திறக்கக் கூடாது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“ஆறு வயசுப் பொண்ணுக்கு இப்பவே மாப்பிள்ளையா...” என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் மேடம் என் காலை மிதித்தார்.

“எழுந்திருங்க. அந்த வாத்தைப் பார்க்கலாம்.”

ராஜாஜிநகரில் இரண்டு அறை வீடு. டி.வி.க்குக் கீழே ஓர் ஊதுபத்தி அட்டைப்பெட்டி இருந்தது. சாமி இடத்தில் இருக்க வேண்டியது இங்கே ஏன் என்று குனிந்து பார்த்தால், அதற்குள் உள்ளங்கையளவு பச்சைத் தகடு. அதுதான் முழுக் கம்ப்யூட்டர். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டு அதோடு கட்டியிருந்தது. இன்னும் மல்லிகை வாசனை அடித்தது.

“அவர் பண்ணினது,” என்றாள் சுஜயா. “கடையில விக்கிற பெட்டி வாங்க வசதியில்ல. இதை டி.வி.யில மாட்டினா படம், பாட்டு எல்லாம் வரும். இதே மாதிரி இன்னொண்ணு அவர் ரூம்லயும் உண்டு. ஆனா டிஸ்க் ஒண்ணுதான், அது இங்க. அங்க படம் போட்டா இங்கிருந்து நெட் வழியாத்தான் போகும். இங்க பாதி பார்த்துட்டு அங்க போனா, விட்ட இடத்திலிருந்து அங்க ஓடும். ‘வீடுதான் ரெண்டாப் போச்சு, படமாவது ஒண்ணா இருக்கட்டும்’னு சொல்லிச் செஞ்சார்.”

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கீர்த்திராஜின் ரூமில் இருந்த அந்த இரண்டாவது பெட்டியையும் நேற்றிலிருந்து காணவில்லை. பிள்ளையை ஒளித்தவன் பெட்டியையும் கொண்டுபோயிருக்கிறான், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது போலீஸ் கட்சி. ரூம் சாவி எப்போதும் வாசல் நிலைமேல்தான் இருக்கும் என்பதும், அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதும் அவர்கள் காதில் ஏறவில்லை.

சுஜயா டி.வி.யைப் போட்டாள். திரையில் வரிசையாகப் படங்கள். முதலில் ஒரு மஞ்சள் வாத்துக்குஞ்சு. அதன் காலடியில் மெல்லிய கோடு ஒன்று, எறும்பு ஊர்கிற வேகத்தில் நீண்டுகொண்டிருந்தது.

“அங்க ஓட ஓட இங்க கோடு நகரும். காலைலேர்ந்து இப்படித்தான். புயல் வர்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுடும், திரும்ப முதல்லேர்ந்து ஓடும். என் பொண்ணுதான் மேடம், சத்தியமா என் பொண்ணுதான். ஏரியில புயல் வந்து குஞ்சு மாட்டிக்கிற இடம் அவளுக்குப் பயம். ஒருநாள்கூட அதைத் தாண்டினதில்ல. எங்களையும் பார்க்க விடமாட்டா.” அவள் திரையைத் தொட்டாள். “இந்தக் கோடு நகர்ற வரைக்கும் அவ இருக்கா.”

“எந்த வீட்டிலிருந்து பார்க்கிறாங்கன்னு நெட் கம்பெனிக்காரனைக் கேட்டா சொல்லிடுவானே?” என்றேன்.

“போலீஸ் எழுதிக் கேக்கணுமாம். பதில் வரத் திங்கட்கிழமை ஆகுமாம்.”

திங்கட்கிழமை. சாயங்காலத்துக்கே வழியில்லாதவளிடம் திங்கட்கிழமை என்று சொல்ல அந்த மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

அப்போது வாசலில் கனைப்புச் சத்தம் கேட்டது. சுஜயாவின் அண்ணன் புட்டசாமி. வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம், கையில் சாப்பாட்டு கேரியர். மாகடி ரோட்டுப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர்.

“துப்பறியறவங்களை எதுக்கும்மா கூப்பிட்டே? அந்தத் திருட்டுப் பயலுக்கு நாலு அறை விட்டா எங்க வச்சிருக்கான்னு தானா கக்கிடுவான். திங்கட்கிழமை கோர்ட்ல இதை வச்சே அவன் கதையை முடிச்சிடறேன். நீ மொதல்ல ஒரு வாய் சாப்பிடு. அண்ணி கட்டிக் குடுத்தா.”

மேல் தட்டில் சித்ரான்னம். கீழ்த் தட்டில் ஒப்பட்டு, அதாவது போளி. வெல்லமும் பருப்பும் உள்ளே பொதிந்து, நெய் மினுமினுக்க, காலையில்தான் கல்லிலிருந்து எடுத்த ஒப்பட்டு. சுஜயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பவில்லை. துக்கமோ கல்யாணமோ, ஒப்பட்டைக் கண்டால் என் கை என் பேச்சைக் கேட்காது.

“பிரமாதம் சார்! வீட்டுல என்ன விசேஷம்?”

“விசேஷம் என்ன விசேஷம்... சும்மா, வீட்டுல இருந்துச்சு,” என்றார் புட்டசாமி.

மேடம் என் கையிலிருந்த மிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பசி போலிருக்கிறது என்று நினைத்து நீட்டினேன். வாங்கிக் காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நின்னுடுச்சு!” என்று சுஜயா கத்தினாள்.

கோடு அசையவில்லை.

“இன்னும் புயல் வரலையே! பாதியில ஏன் நின்னுது? மேடம், ஏன் நின்னுது?” அவள் டி.வி.யை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். பிடித்து இழுத்து உட்கார வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அந்தக் களேபரத்தில் புட்டசாமியின் போன் அடித்தது. “கரண்ட் போனா நான் என்னடி பண்றது?... வந்துடும்னு சொல்லு... சரி, வை.” போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து அலுத்துக்கொண்டார். “வீட்டுல கரண்ட் இல்லையாம். இதுக்கெல்லாம் ஒரு போன். பொம்பளைங்களுக்கு நேரம் காலமே தெரியாது.”

காபி குடிக்கிற நேரம் போயிருக்கும். யாரும் குடிக்கவில்லை. திடீரென்று கோடு மறுபடி ஊர்ந்தது. சுஜயா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேடம் அவளைத் தண்ணீர் குடிக்க வைக்கிற சாக்கில் சமையலறைக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன்.

“அந்தப் பெட்டி புதுசா ஒரு இடத்துக்குப் போனா தானா நெட்ல சேர்ந்துக்குமா?”

“சேராது மேடம். அவர்தான் ஒவ்வொரு இடத்துலயும் பாஸ்வேர்ட் போட்டுக் குடுக்கணும். ஒரு தடவை போட்டுட்டா அப்புறம் அந்த இடத்தை மறக்காது.”

“அவர் ரூமை விட்டா வேற எங்க போயிருக்கு?”

“எங்கயும் இல்ல. போன கௌரி பண்டிகைக்கு அண்ணன் வீட்டுல ஒரு தடவை மாட்டிக் காட்டினார். நாங்க பிரிஞ்சிருந்தாலும் பண்டிகைக்கு எல்லாரும் அங்க போனோம், அண்ணனும் அண்ணியும் ரெண்டே பேர்தானே இருக்காங்க. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான். நீங்க கோட்டைப் பாருங்க, போங்க.”

அவள் போனதும் மேடம் என்னைப் பார்த்தார். “உங்க ஊர்ல பிள்ளை காணாமப் போன மறுநாள் காலைல யாராவது ஒப்பட்டு தட்டுவாங்களாடா?”

நான் சாப்பிட்ட ஒப்பட்டு தொண்டைக்கு ஏறி வந்தது.

“பிள்ளை அடம்பிடிச்சாத் தட்டுவாங்க,” என்று அவரே சொன்னார். “படம் நின்ன நேரத்துல அவர் வீட்டுல கரண்ட் போச்சு. ‘வந்துடும்னு சொல்லு’ன்னாரே, யார்கிட்ட சொல்லச் சொன்னார்? அந்த வீட்டுல புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேர். புருஷன் இங்க நிக்கறார்.”

“அப்போ இப்பவே போய்க் கதவைத் தட்டுவோம் மேடம்!”

“நான் நினைக்கறது தப்புன்னா சாயங்காலம் கையை விட்டுப் போயிடும். சரின்னா, நாம தெரு தாண்டறதுக்குள்ள ஒரு போன்ல பிள்ளையை வேற வீட்டுக்கு மாத்திடுவார். ஊர் பூரா வீடு கட்டி வச்சிருக்கிற ஆளு. ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துக்கறேன்.”

டி.வி.க்குப் பக்கத்தில் போய், புடவைத் தலைப்பால் தூசி தட்டுகிறவர் மாதிரி டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினார். டிஸ்க் ஒன்றுதான் என்பதால் இங்கே பிடுங்கினால் அங்கே வாத்து காணாமல் போகும். சிஞ்சனா வீட்டை இரண்டாக்குவாள். அண்ணிக்காரி கையைப் பிசைந்துகொண்டு புருஷனுக்குப் போன் அடிப்பாள். இதுதான் கணக்கு.

புட்டசாமியின் சட்டைப்பையை நான் பார்த்தேன். மேடமும் பார்த்தார். சுஜயா இருண்ட திரையைப் பார்த்து, “ஐயோ, என்ன பண்ணீங்க?” என்று துடித்தாள்.

போன் அடிக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். புட்டசாமி நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். நாள் பூராவும் தப்பான வாசலில் நின்றுவிட்டோமா?

“மேடம், நம்ம வாத்து முட்டை போட்டுடுச்சு,” என்று அவர் காதில் சொன்னேன்.

அவர் ஒயரைத் திரும்பச் செருகினார். டிஸ்க் முனகியது, திரை வெளுத்தது, படங்கள் வரிசையாக வந்தன. வாத்தின் காலடியில் மஞ்சள் கோடு. பிடுங்கின இடம் வரை அப்படியே இருந்தது. வந்ததிலிருந்து முதல்முறையாக சுஜயாவின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

“தாண்டிட்டா! மேடம், புயலைத் தாண்டிட்டா! பாருங்க, எவ்வளவு தூரம் போயிருக்குன்னு! என் தங்கம் பயப்படாமப் பார்த்திருக்கு!”

மேடம் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கும் புரிந்தது.

“சுஜயா, இங்க பாருங்க,” என்று அவள் தோளைப் பிடித்தார் மேடம். “புயல் வந்தப்போ அவ நிறுத்தல. படம் நின்னப்போ அவ அழல. படம் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. பார்க்கிறவ முழிச்சுட்டு இல்ல.”

சுஜயாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“என்கிட்ட சொன்னதை இப்போ உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. இப்பவே.”

“என்கிட்டயா? என்ன சொல்லணும்?” என்று புட்டசாமி நிமிர்ந்தார்.

சுஜயாவின் உதடு அசைந்தது. இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன வார்த்தை அது. ஒரு விநாடி அண்ணனைப் பார்த்தாள், ஒரு விநாடி வாத்தைப் பார்த்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“சிஞ்சனாவுக்குச் சர்க்கரைண்ணா!”

“என்ன உளர்றே? சர்க்கரை வயசானவங்களுக்கு வர்றது.”

“அவளுக்கு நாலு வயசுல வந்துச்சு. தினம் ஊசி போட்டுத்தான் உயிரோட வச்சிருக்கோம். நேத்திலிருந்து ஊசி இல்ல. ஊசியில்லாம ஒரு துண்டு இனிப்பு உள்ள போனாலும் அவளுக்கு விஷம்ணா!”

புட்டசாமியின் கண் தானாகக் கேரியர் பக்கம் போனது. பல்குச்சி கையிலிருந்து விழுந்தது.

“காலைல நாலு ஒப்பட்டு சாப்பிட்டாளே...” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

சுஜயா பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தாள். மேடம் அதற்கு முன்பே அவர் பையிலிருந்து போனை உருவி, கடைசியாக வந்த நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துவிட்டார்.

“என்னங்க?” என்றது அண்ணியின் குரல்.

“பிள்ளை என்ன பண்றா?” என்று கேட்டார் புட்டசாமி. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“மாடி ரூம்ல தூங்கறா. மத்தியானத்திலிருந்து தண்ணி தண்ணின்னு உயிரை வாங்கினா. ரெண்டு தடவை வாந்தி வேற. ஒப்பட்டு ஒத்துக்கல போல. இப்போதான் அசந்துட்டா.”

“எழுப்புடி.”

“தூங்கட்டும் விடுங்க...”

“எழுப்புடி!”

காலடிச் சத்தம். சிஞ்சனா, சிஞ்சனா என்று இரண்டு முறை. பிறகு கன்னத்தில் தட்டுகிற சத்தம். பின்னால், டிஸ்க் வந்ததும் தானாகத் திரும்ப ஓடத் தொடங்கிய அந்தப் படத்தின் பாட்டு மட்டும் கேட்டது.

“என்னங்க, எழுந்திருக்க மாட்டேங்கறா! மூச்சு இழுத்து இழுத்து விடறா!”

புட்டசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு நாள் வச்சிருந்து நானே கண்டுபிடிச்ச மாதிரி கொண்டு வந்து விடலாம்னு... அவன் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டான்னு ஆயிட்டா கோர்ட்ல உனக்கே குடுத்துடுவாங்கன்னுதான் சுஜயா... உனக்காகத்தான்மா...”

“அதை ஸ்டேஷன்ல சொல்லுங்க,” என்றார் மேடம். “உங்க வீட்டுப் பக்கத்துல ஆஸ்பத்திரி எங்க இருக்கு?”

“தெருமுனையில...”

“அம்மா, கேக்குதா? பிள்ளையைத் தூக்கிட்டுத் தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஆட்டோவுக்குக் காத்திருக்காதீங்க. ஓடுங்க!”

“என்னன்னு கேப்பாங்களே, நான் என்னத்தைச் சொல்றது? அக்கம்பக்கத்துல வேற எல்லாரும் பார்ப்பாங்க...”

சுஜயா போனைப் பிடுங்கினாள். “சர்க்கரைன்னு சொல்லுங்க அண்ணி! ஊசி போடலன்னு சொல்லுங்க! போற வழியெல்லாம் கத்திச் சொல்லிட்டே ஓடுங்க! தெருவே கேக்கட்டும், மண்டியாவே கேக்கட்டும்! என் பொண்ணுக்குச் சர்க்கரை!”

மாகடி ரோட்டு நெரிசலில் நான் எப்படிக் கார் ஓட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். பின் சீட்டில் ஊசிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுஜயா அந்த ஒரே வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நாங்கள் போனபோது பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வாசலில் அண்ணி வெறுங்காலோடு நின்று எல்லோருக்கும் கேட்கத் தேம்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் வெளியே வந்து, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சிஞ்சனா கண் திறந்தாள். கையில் ஊசி, உதடெல்லாம் வெடிப்பு. கட்டிலின் ஒரு பக்கம் சுஜயா, மறு பக்கம் ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருந்த கீர்த்திராஜ். இரவு முழுவதும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நானும் மேடமும் காலடியில் நின்றிருந்தோம்.

“அப்பா, புயல்ல வாத்து என்ன ஆச்சு? நான் தூங்கிட்டேன்,” என்றாள் பிள்ளை.

கீர்த்திராஜ் சுஜயாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பெட்டியைச் செய்தவனுக்கும் தெரியாது, தினமும் அதைப் போட்டுவிட்டவளுக்கும் தெரியாது. அந்தப் படத்தில் புயலுக்கு அப்புறம் என்ன என்று அந்தக் குடும்பத்தில் யாருமே பார்த்ததில்லை.

“நான் பார்த்தேன்,” என்றேன். “புயல் ஓஞ்சு போச்சு. குஞ்சு தத்தித் தத்திக் கரைக்கு வந்துச்சு. அங்க அம்மா வாத்தும் அப்பா வாத்தும் நின்னுட்டிருந்தாங்க.”

சிஞ்சனா என் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்தான்.”

அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கீர்த்திராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மேடம் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

“எப்படா அந்தப் படத்தைப் பார்த்தே?”

“எங்க மேடம் பார்த்தேன்? இருந்த ஒரு டிஸ்க்கையும் நீங்க பிடுங்கிட்டீங்களே.”

“இனிமேலும் பார்க்காதே,” என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனார்.